விடுபட்டோரும் இடைநின்றோரும்: ஒரு சிறிய சபையை ஒரு வருடத்தில் எழுப்பி நிறுத்துவது எப்படி

நான் 29 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள். சென்னிமலை, பெருந்துறைப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் எனக்கு நர்ஸம்மா என்றுதான் பெயர். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் குருசேகரக் கமிட்டிக்குச் செயலாளராக வந்தேன். ஓர் ஆயரின், அதாவது போதகரின், பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுப்புதான் குருசேகரம். எதிர்த்து நிற்க ஆள் இல்லை, அவ்வளவுதான். சோர்ந்துபோன சபையை எழுப்ப 2024 ஜூன் முதல் 2025 ஜூன் வரை நாங்கள் செய்ததைப் பற்றி வேறு சபைகளிலிருந்து சிலர் கேட்டார்கள். தொலைபேசியில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

எங்கள் குருசேகரத்தில் ஐந்து கோயில்கள். டவுன் கோயில் ரயில்வே அதிகாரிகளுக்காகக் கட்டப்பட்ட ஆங்கிலிக்கன் கோயில். சுவரில் பளிங்குக் கற்கள், முழங்காலிடப் பலகை, யாருக்கும் படிக்கத் தெரியாத லத்தீன் வாசகம் ஒன்று. சுற்றியுள்ள நான்கு கிராமச் சபைகள் லண்டன் மிஷன் வழி வந்தவை. அந்த மிஷன் கோயம்புத்தூரில் 1830லேயே கால்வைத்துவிட்டது. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது நாங்களும் ஒன்றானோம். காகிதத்தில் ஒன்றானோம் என்று சொல்லலாம். டவுனில் முழங்காலிட்டு ஜெபிப்பார்கள். கிராமத்தில் உட்கார்ந்தபடி தலை குனிவார்கள். நான் பிறந்தது லண்டன் மிஷன் வீடு, வாழ்க்கைப்பட்டது ஆங்கிலிக்கன் வீடு. கல்யாணமாகி வந்த முதல் ஞாயிறே மாமியார் என் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலைத்தான் பார்த்தார். இந்த விவகாரம் பின்னால் வரும்.

கூட்டம் போடாதீர்கள்

சபை சோர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னதும் கமிட்டிக்கு முதலில் தோன்றுவது மூன்று நாள் எழுப்புதல் கூட்டம். நாங்களும் 2023ல் போட்டோம். ஷாமியானா, வெளியூர்ப் பிரசங்கியார், மூன்று இரவும் சாப்பாடு. ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் செலவு. மூன்றாம் நாள் இரவு 400 பேருக்கு மேல் வந்தார்கள். பாதிப் பேர் பக்கத்து ஊர்ச் சபைகளிலிருந்து வந்தவர்கள். ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிறு எண்ணினேன். கூட்டத்துக்கு முன்னால் 62 பேர், இப்போது 60. அந்தப் பிரசங்கியாரைக் குறை சொல்லவில்லை, அவர் பேச வந்தார், பேசினார். காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் ஊசி போட்டது நாங்கள்தான்.

தடுப்பூசிப் பதிவேட்டில் நாங்கள் ஒன்று கற்றுக்கொண்டோம். முகாமுக்கு வந்த குழந்தைகளை எண்ணுவது எளிது. வராத குழந்தைகளை எண்ணுவதுதான் வேலை. அதிலும் இரண்டு வகை உண்டு. ஒரு ஊசிகூடப் போடாத குழந்தை விடுபட்டது. முதல் ஊசி போட்டுப் பிறகு வராமல் போனது இடைநின்றது. விடுபட்ட வீட்டுக்கு நம்மைத் தெரியாது. இடைநின்ற வீட்டுக்கு நம்மை நன்றாகத் தெரியும், அங்கேதான் ஏதோ நடந்திருக்கிறது. இரண்டு வீட்டிலும் ஒரே பேச்சைப் பேசினால் இரண்டும் கெடும். சபைக்கும் இதுவே கணக்கு.

எப்போது தொடங்குவது

எல்லோரும் ஜனவரியில் தொடங்குவார்கள், அல்லது கிறிஸ்துமஸுக்கு முன்னான ஆகமன காலத்தில். அது திருச்சபை வருடத்தின் முதல் நாள் என்பதால் பார்க்க அழகாக இருக்கும். வேண்டாம். பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு அடுத்து வரும் திரித்துவ ஞாயிறு முடிந்த மறுவாரம் தொடங்குங்கள்.

காரணம் இதுதான். திரித்துவ ஞாயிறு முதல் ஆகமனம் வரை பீடத்தில் பச்சைத் துணி. 2024ல் நடுவில் 26 ஞாயிறுகள் இருந்தன. சரியாகப் பாதி வருடம். பெரிய பண்டிகை இல்லை, விருந்து இல்லை, புதுத்துணி இல்லை. பண்டிகைக் கூட்டம் மூடி மறைக்காத அந்த நாட்களில் கோயிலில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள்தான் உங்கள் சபை. எந்த பெஞ்சு காலி என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். பள்ளிக்கூடம் திறந்து ஊர் தன் ஓட்டத்துக்கு வந்திருக்கும். ஆகஸ்டு நடுவில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டால் கிராமத்தில் யாரையும் வீட்டில் பிடிக்க முடியாது. அதற்குள் பாதி வீடுகளை முடித்துவிட வேண்டும்.

நோட்டு

இரண்டு கோடு போட்ட நீளப் பதிவேடு ஒன்று வாங்குங்கள். கணினி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கணினியை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து பேச முடியாது.

சபைப் பதிவேட்டில் எங்களுக்கு 118 குடும்பங்கள். சந்தாப் புத்தகம், ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தோம். இறந்து நான்கு வருடமான ஒருவருக்குச் சந்தா நினைவூட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம். அவருடைய மகளுக்கு ஒவ்வொரு மாதமும் அந்தக் கடிதம் போயிருக்கிறது. அவள் கோயிலுக்கு வராத காரணத்தைத் தேடி நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை.

ஆறு மாதமாக ஒருமுறைகூட முகம் தெரியாதவர்கள் 41 குடும்பம். அவர்களை இரண்டாகப் பிரித்தோம். 12 குடும்பம் விடுபட்டோர்: திருப்பூருக்கும் பெருந்துறைக்கும் வேலைக்காகத் தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், மாற்றுக் கடிதம் கொடுத்துப் பெயரைப் பதிந்ததோடு சரி. 29 குடும்பம் இடைநின்றோர்.

வாரம் மூன்று வீடு, அதற்கு மேல் போகாதீர்கள். 118 வீட்டுக்கு 40 வாரம் ஆகும், ஆகட்டும். முதலில் அந்த 41. ஆயர் ஒருவராகப் போகக் கூடாது. நீங்களும் ஒருவராகப் போகக் கூடாது. ஆயர் போனால் வீட்டைப் பெருக்கி, பலகாரம் வாங்கி, உண்மையை ஒளித்துவைப்பார்கள். எங்கள் ஆயர் இளைஞர், சொன்னதும் புரிந்துகொண்டார். நானும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஒருவரும் முதலில் போவோம். இரண்டாம் முறை அவர் வருவார்.

வீட்டில் என்ன பேசுவது

"ஏன் கோயிலுக்கு வருவதில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஊரிலுள்ள எல்லோரிடமும் தயார்ப் பதில் இருக்கிறது: நேரமில்லை. "வேலை எத்தனை மணிக்கு முடிகிறது?" என்று கேளுங்கள். பிறகு உடம்பைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி. ஜெபம் கடைசியில், சுருக்கமாக, அந்த வீட்டில் கேட்டதைப் பற்றி மட்டும். காணிக்கைக் கவர் எடுத்துப் போகாதீர்கள். பையில் இருந்தால்கூட வாசல் தாண்டும்போது முனை வெளியே தெரியும்.

வேலை நேரம் கேட்டதில் எங்கள் முதல் கண்டுபிடிப்பு வந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகிறவர்களுக்கு ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை. சம்பளம் சனிக்கிழமை. ஞாயிறு ஒரு நாள்தான் துணி துவைக்க, கறி எடுக்க, தூங்க. ஆர்டர் நெருக்கினால் ஞாயிறும் போக வேண்டும். எங்கள் ஆராதனையோ காலை ஏழரை மணி. வெள்ளைக்காரர் வெயிலுக்குப் பயந்து வைத்த நேரமாக இருக்கும். அவர் போய் எத்தனை காலம் ஆயிற்று! ஜூலையிலிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஓர் ஆராதனை வைத்தோம். ஆங்கிலிக்கன் ஜெப புத்தகத்தில் காலை ஜெபம், மாலை ஜெபம் என்று இரண்டும் இருக்கின்றன. நாங்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, மாலையில் விளக்குப் போட்டோம். விடுபட்ட 12 குடும்பத்தில் 8 குடும்பம் அந்த மாலைக்கு வந்தது.

இடைநின்றவர்களிடம் வேறு மாதிரி. அங்கே பேசாமல் கேட்க வேண்டும், சில வீடுகளில் நெடுநேரம். கல்யாண ஓலை வாசித்தபோது பெண்ணின் பெயரைத் தப்பாக வாசித்துச் சபை சிரித்தது. அசனம் என்கிற சபை விருந்தில் ஒரு குடும்பத்தைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தது. அடக்கத்துக்கு மணி அடிக்க ஆள் வராதது. கேட்டால் சின்ன விஷயம் போலத் தோன்றும். சாதி உள்ளே இருக்கும் கதைகளும் வரும். கொங்கு நாட்டில் அதை இல்லை என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார். அப்போது சபைக்காக வக்கீல் வேலை பார்க்காதீர்கள். "தப்புதான்" என்று சொல்லுங்கள். கமிட்டி செயலாளர் என்கிற முறையில் நான் ஒன்பது வீடுகளில் மன்னிப்புக் கேட்டேன். அதில் ஒன்று நானே பண்ணிய தப்பு. அதை இங்கே எழுதப் போவதில்லை.

படுக்கையில் இருப்பவர்கள்

நோட்டில் மூன்றாவதாக ஒரு பட்டியல் விழுந்தது, நான் எதிர்பார்க்காதது. வர விரும்பியும் வர முடியாதவர்கள், 14 பேர். வாய்க்கால்கரை ஊரில் ஓர் அம்மிச்சி, இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவர், நான்கு வருடமாகத் திருவிருந்து எடுக்கவில்லை. ஐந்து கோயிலுக்கு ஓர் ஆயர் என்றால் இதுதான் நடக்கும். ஜெப புத்தகத்தில் நோயாளிகளுக்குத் திருவிருந்து கொடுக்கும் முறை பழைய காலத்திலிருந்தே இருக்கிறது; ஆனால் புத்தகம் தானாக நடந்து போகாது.

மாதத்தின் முதல் வெள்ளியை அதற்கென்று ஒதுக்குங்கள். சின்னப் பெட்டி ஒன்று: பாத்திரம், சிறிய கோப்பை, வெள்ளைத் துணி, அப்பம், திராட்சை ரசம். ஒரு நாளில் ஐந்து வீட்டுக்கு மேல் போகாதீர்கள். முதல் நாளே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள், தலை வாரிக்கொள்ள நேரம் வேண்டும் என்பதற்காக. வயதானவர்களுக்கு அது பெரிய விஷயம். விழுங்க முடியாதவர்களுக்கு அப்பத்தை ரசத்தில் தோய்த்து மிகச் சிறு துண்டாகக் கொடுக்க வேண்டும். தலையணையை உயர்த்தி, முதுகைத் தாங்கி, பிறகுதான். இதை ஆயருக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். அந்த அம்மிச்சி பாவ அறிக்கையைப் பழைய நடையில் ஒரு சொல் விடாமல் மனப்பாடமாகச் சொன்னார். ஆயர் புதிய நடையில் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டு அவர் பின்னாலேயே சொன்னார்.

முழங்கால் விவகாரம்

ஐந்து கோயிலும் சேர்ந்து ஒரே ஆராதனை என்றால் சண்டை எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். செப்டம்பர் கடைசி ஞாயிறு, திருச்சபை ஒன்றான நாளை ஒட்டி, டவுன் கோயிலில் எல்லோரையும் கூட்டினோம். யார் முழங்காலிடுவது, யார் உட்காருவது என்று யாரும் அறிவிக்கக் கூடாது என்று ஆயரிடம் சொல்லிவிட்டேன். அவரவர் வழக்கப்படி இருந்தார்கள், வானம் இடிந்து விழவில்லை.

அன்று ஆயர் பிரசங்கத்தில் ஒன்று சொன்னார், பலருக்கு அது புதுச் செய்தி. திருவிருந்தில் நாம் கைகளைக் கோத்து ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுக்கிறோமே, அது இங்கிலாந்திலிருந்து வந்ததல்ல. 1950ல் கூடிய சினாட்டில், அதாவது திருச்சபையின் பெருமன்றத்தில், முதல்முறை நடத்தப்பட்ட நம் திருவிருந்து முறையில் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்துச் சேர்த்தது. பிறகு உலகத்தின் மற்றச் சபைகள் நம் முறையைப் பார்த்துப் படித்தன. அதே 1950ல்தான் கோயம்புத்தூர்த் திருமண்டலமும் உண்டானது. முதல் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி, தமிழ்ப் பக்தி மரபின் வழியாகக் கிறிஸ்துவைப் புரிந்துகொள்ள முயன்றவர். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், புதுப்பித்தல் என்றால் கிதாரும் புகையும்தான் என்று நம் இளைஞர்கள் நினைக்கிறார்கள். நம்மிடம் உள்ளதை நாமே அவர்களுக்குச் சொல்லவில்லை. அன்று சமாதானம் கொடுக்கும்போது வெறும் தலையசைப்பாக முடியாமல் பத்து நிமிடம் ஆனது. ஆர்கன் வாசிக்கிற தம்பி பொறுமை இழந்து அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டான்.

மைக் செட்டைப் பற்றி ஒரு வரி: எக்கோவை அணைத்துவிடுங்கள். இந்த ஒரு திருத்தத்துக்குக் காசே ஆகாது, வேதவாசிப்பு காதில் விழும்.

கல்லறைத் தோட்டத்து வகுப்பு

முதல் திருவிருந்துக்குத் தயாராக்கும் திடப்படுத்தல் வகுப்புக்கு வந்த 11 பிள்ளைகளும் கேள்வி பதிலை ஒப்பித்துவிட்டுப் போகும் நோக்கத்தில் வந்தவர்கள். நவம்பர் 2 கல்லறை நாளுக்கு முன் புல் வெட்ட ஆள் கிடைக்காததால் அவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். வெட்டும்போது ஒரு பெண் கேட்டாள், "நர்ஸம்மா, இங்கே ஏன் இத்தனை சின்னக் கல்லறை?" ரயில்வேக்காரர்களின் குழந்தைகள், நம் உபதேசியார்களின் குழந்தைகள், ஒன்று, ஒன்றரை, மூன்று வயது. காலரா என்றால் என்ன, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் தெரியாத காலத்தில் ஒரு வீடு எப்படி மூன்று நாளில் காலியாகும் என்று சொன்னேன். பிறகு உயிர்த்தெழுதலைப் பற்றி ஆயர் பேசினார். அதற்குப் பின் வகுப்பு முழுவதும் அங்கேயே நடந்தது. கூடாது என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். பாம்பு இருக்கும் என்றார். அது நியாயம், பூட்ஸ் போடச் சொன்னோம்.

கிறிஸ்துமஸ் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அது தானே நடக்கும். ஒன்று மட்டும்: கேரல் பவனி கேக்கும் கவரும் கொடுக்கிற வீடுகளிலிருந்து தொடங்குவது எங்கள் வழக்கம். நாங்கள் அந்த 41 வீடுகளிலிருந்து தொடங்கினோம். கிறிஸ்துமஸ் அன்று கோயில் நிறைந்து வழிந்தால் மகிழுங்கள், ஆனால் அன்று எண்ணாதீர்கள்.

அறுப்பின் பண்டிகையை மாற்றுவது

இதில்தான் எனக்கு அதிகம் சண்டை வந்தது, அதிகம் பிடித்ததும் இதுதான்.

நாங்கள் அறுப்பின் பண்டிகையை அக்டோபரில் வைத்துக்கொண்டிருந்தோம். அந்த மாதம் எங்கள் தோட்டங்களில் மஞ்சள் இன்னும் மண்ணுக்குள் இருக்கும். ஆகவே சந்தையில் காஷ்மீர் ஆப்பிள் வாங்கிப் பீடத்தில் அடுக்கி, "எங்கள் விளைச்சல்" என்று ஜெபித்தோம். இப்போதுள்ள மாதிரி இந்தப் பண்டிகையை 1843ல் கார்ன்வால் கடற்கரையில் மோர்வென்ஸ்டோ என்ற ஊரில் ராபர்ட் ஹாக்கர் என்ற போதகர் தொடங்கினார். அங்கே அறுப்பு முடியும் காலம் அது. அவர் ஊர்ப் பயிருக்கு அவர் நன்றி சொன்னார். நாமும் நம் பயிருக்குச் சொல்ல வேண்டாமா?

ஈரோட்டு மஞ்சளைத் தை, மாசியில் தோண்டி, வேகவைத்து, களத்தில் காயப்போடுவார்கள். பண்டிகையை 2025 பிப்ரவரி 23க்கு மாற்றினோம். லெந்து என்கிற தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்குப் பத்து நாள் முன்னால். வழக்கத்தை மாற்றக் கூடாது என்று டவுன் கோயில் பெரியவர்கள் இரண்டு கூட்டம் பேசினார்கள். மூன்றாம் கூட்டத்தில் கிராமத்து விவசாயி ஒருவர், அதுவரை கமிட்டியில் வாயே திறக்காதவர், எழுந்து, "ஏனுங்க, அக்டோபரில் நான் என்னத்தைக் கொண்டு வருவது? கடன் பத்திரத்தையா?" என்றார். தீர்மானம் நிறைவேறியது.

அந்த ஞாயிறு பீடத்துக்கு முன்னால் விரலி மஞ்சள் மூட்டை, செவ்வாழைத் தார், தேங்காய், ஊத்துக்குளி வெண்ணெய், காலைக் கட்டிய நாட்டுக்கோழிகள், சென்னிமலைத் தறியில் நெய்த போர்வைகள். பனியன் கம்பெனிக்காரர்கள் தாங்கள் தைத்த டி-ஷர்ட் கொண்டுவந்து கூச்சத்தோடு ஓரத்தில் வைத்தார்கள். ஆயர் அதை எடுத்து நடுவில் வைத்தார்.

படைத்த இந்தப் பொருட்களை ஏலம் விடும்போது ஒரு விதி: பணம் அன்றே, அந்த மேசையிலேயே. ரொக்கம் இல்லாதவர்களுக்காக கியூஆர் அட்டை ஒட்டிவையுங்கள். முந்தைய வருடங்களின் ஏலப் பாக்கி 46,000 ரூபாய் நோட்டில் கிடந்தது. உணர்ச்சிவசப்பட்டுக் கோழியை நாலாயிரத்துக்கு எடுத்தவர் பணம் கொடுக்க முடியாமல், வெட்கப்பட்டு, கோயிலுக்கே வராமல் போயிருந்தார். அப்படி மூன்று குடும்பம். இடைநின்றோர் பட்டியலில் ஏலத்தால் விழுந்தவர்கள்! பழைய பாக்கியைத் தள்ளுபடி செய்து, அந்தத் தீர்மானத்தைப் பெயர் சொல்லாமல் ஆராதனையில் வாசித்தோம்.

லெந்து நாட்கள்

பிடியரிசியைத் திரும்பக் கொண்டுவந்தோம். சோறு வடிக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போடும் பழைய வழக்கம். என் அம்மா காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்தது. சாம்பல் புதனிலிருந்து பெரிய வெள்ளிவரை சேர்ந்த அரிசி ஐந்து மூட்டைக்கு மேல். ரேஷன் அரிசியும் பொன்னி அரிசியும் கலந்துவிட்டது என்று சங்கத்தில் முணுமுணுப்பு. கலக்கத்தானே செய்யும்? இட்லிக்கு ஊறப்போட்டால் வித்தியாசம் தெரியாது. வீட்டில் படுத்திருக்கும் 14 பேரின் குடும்பங்களுக்கு முதலில் கொடுத்தோம்.

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைக்கு வெளியூர்ப் பிரசங்கியாரை அழைக்கவில்லை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை எங்கள் ஆட்கள் ஏழு பேருக்குப் பிரித்துக் கொடுத்தோம், ஆளுக்குப் பத்து நிமிடம், எழுதிப் படிக்கலாம். "தாகமாயிருக்கிறேன்" என்ற வார்த்தையை வாய்க்கால் பாசனக்காரர் ஒருவருக்குக் கொடுத்தேன். நான்கு நிமிடம்தான் பேசினார். கடைமடைக்குத் தண்ணீர் வராத வருடத்தைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்தார். பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை ஏப்ரல் வெயில். வாசலில் பானையில் தண்ணீர் வையுங்கள், முதியவர்கள் உபவாசம் என்று மயங்கி விழுவார்கள்.

கணக்கு

மாதக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மின் கட்டணம், பூ, பெட்ரோல், எல்லாம். முதல் மாதம் பத்துப் பேர் வந்து குறை கண்டுபிடிப்பார்கள், நான்காம் மாதம் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். அப்போதும் ஒட்டுங்கள்.

சரிவராததையும் சொல்ல வேண்டும். பாடகர் குழுவில் கீர்த்தனை வேண்டுமா, புதுப்பாட்டு வேண்டுமா என்ற சண்டை இன்னும் ஓடுகிறது. வாலிபர் கூட்டம் மூன்று மாதம் நன்றாக நடந்து நின்றுபோனது. கல்லூரி விடுதிகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு என்ன செய்வதென்று நோட்டில் ஒரு பக்கம் காலியாக விட்டிருக்கிறேன்.

2025 ஜூன் 15, திரித்துவ ஞாயிறு, மாலையில் நோட்டைத் திறந்து 41ஐயும் மறுபடி எண்ணினேன். மூன்று மாதத்தில் மூன்று ஞாயிறாவது வந்தவர்களைத்தான் திரும்பியவர் என்று கணக்கில் எடுத்தேன். 24 குடும்பம். ஐந்து குடும்பம் ஊரை விட்டே போய்விட்டது. அந்த ஊர்ச் சபைகளுக்குக் கடிதம் எழுதினோம். மூன்று குடும்பம் வேறு சபைக்குப் போய் அங்கே நன்றாக இருக்கிறார்கள். பேரை அடித்துவிட்டு விட்டுவிடுங்கள், தெருவில் பார்த்தால் நின்று பேசுங்கள். மீதி ஒன்பது.

அந்த மாதமே ஆயருக்கு மாற்றல் வந்தது. புது ஆயர் மினி லாரியில் சாமான்களோடு வந்து இறங்கினார். டீ குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு நோட்டைக் கையில் கொடுத்து, ஐயா பைக் ஓட்டுவீர்களா என்று கேட்டேன். ஓட்டுவாராம். நல்லது, அந்த ஒன்பதில் நான்கு வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பஸ் கிடையாது.